சாகக் கிடக்கும் நாயை எங்கே வைத்து வழியனுப்புவது: வீடா, ஊசியா, வைத்தியசாலையா?

இந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கொக்குவில், ஒருவர் வேலணை, மற்றவர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு இங்கே யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருக்கிற நாய்க்காகக் கேட்டவர். நாய் எழும்புவதில்லை, சாப்பிடுவதில்லை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். தன்பாட்டில் போகட்டும் என்று விடுவதா, ஊசி போடுவதா, போடுவதென்றால் வீட்டில் வைத்தா அங்கே கொண்டுபோயா? மூன்று பேரோடும் போனில் அரை மணித்தியாலம் கதைத்த பிறகுதான் இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் மிருக வைத்தியர் இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருக்கும், அவ்வளவுதான். அதில் இரண்டு நாயின் கடைசி நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். ஜிம்மி மிகவும் கஷ்டப்பட்டுப் போனான், ரொமி அப்படிப் போகவில்லை. ஜிம்மிக்கு நாங்கள் செய்யத் தவறியது என்ன என்று நான் பல வருசம் யோசித்ததும், வைத்தியர்களைக் கேட்டு அறிந்ததும்தான் கீழே இருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் இதைக் கருணைக்கொலை என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லில் உள்ள 'கொலை' தான் பல வீடுகளில் பேச்சையே நிறுத்திவிடுகிறது. எங்கள் பக்கத்தில் 'ஊசி போட்டு விடுறது' என்பார்கள். நானும் ஊசி என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது வலி: எந்த வழியில் வலி குறைவு, எதில் சீக்கிரம் முடியும். இரண்டாவது பயம். வலியே இல்லாமலும் ஒரு நாய் பயந்து நடுங்கிச் சாகலாம். ஓட்டோவில் ஏற்றினாலே மூத்திரம் போகிற நாய்கள் இருக்கின்றன, வைத்தியசாலை வாசலில் மருந்து மணம் பட்டதும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிற நாய்கள் இருக்கின்றன. மூன்றாவது, தேவைப்படும் நேரத்தில் ஆள் கிடைக்குமா என்பது, யாழ்ப்பாணத்தில் இது பெரிய விசயம். அரச அலுவலகங்களைப் போல கால்நடை வைத்திய அலுவலகமும் காலை 8.30 இலிருந்து பின்னேரம் 4.15 வரைதான், சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் பூட்டு, வேலை நாளிலும் வைத்தியர் மாடு பார்க்க வெளியில் போயிருப்பார். நான்காவது, பக்கத்தில் யார் இருக்க முடியும். ஐந்தாவது காசு, வெளியே தெரிகிற செலவும் தெரியாத செலவும். கடைசியாக மண்: உடம்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்.

இந்த ஆறில் வலிக்கும் பயத்துக்கும்தான் நான் கூடுதல் நிறை கொடுப்பேன். மற்ற நாலும் எங்களுக்காக, இந்த இரண்டும் நாய்க்காக.

இடத்தைப் பற்றி யோசிக்க முன்னம், நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004 இல் இதற்கென்று ஒரு அளவுகோல் செய்தார். வலி (மூச்சுக் கஷ்டமும் இதற்குள் அடங்கும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோசம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்று ஏழு விசயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, கூட்டுத்தொகை 35 ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. குடும்பத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது, தனித்தனியே புள்ளி போட்டு ஒப்பிட இது மிகவும் உதவும். கூட்டுத்தொகையை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்பது மட்டும் என் அபிப்பிராயம். மூச்சு எடுக்க முடியாத நாய் மற்ற ஆறிலும் நல்ல புள்ளி எடுத்தாலும் அதற்கு அந்த நாள் நரகம்தான்.

மூச்சை எண்ணுவது லேசு. நாய் நித்திரையாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் விலா எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். 30 க்குள் என்றால் சரி. ஓய்வில் 40 க்கு மேலேயே நின்றாலோ, முரசு (பல் ஈறு) நீலம் பாரித்தாலோ அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும். அப்புறம், உங்கள் நாய்க்கென்று ஒரு குறி இருக்கும், அதை நீங்கள்தான் அறிவீர்கள். எங்கள் ரொமிக்கு அது பாண் ஓட்டோ. பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் படலையடிக்கு ஓடுவான். கால் இழுக்கத் தொடங்கிய பிறகு படுத்தபடியே தலையைத் தூக்கிக் குரைத்தான், பிறகு காதை மட்டும் திருப்பினான். ஒரு செவ்வாய்க்கிழமை பாண் ஓட்டோ படலையில் நின்று, அம்மா காசு கொடுத்து பாண் வாங்கி, அது போயும் விட்டது, அவனுடைய காது அசையவில்லை.

## தெரிவு 1: வீட்டில், தன்பாட்டில் போகவிடுவது

எங்கள் ஊரில் கூடுதலான வீடுகளில் நடப்பது இதுதான், அதற்கான காரணங்களும் லேசானவை இல்லை. நாய் பழகிய இடத்தில் கிடக்கும். பயம் இல்லை. உயிரை எடுக்க நாம் யார் என்ற கேள்வி இல்லை. அதிலும் நாய் வைரவரின் வாகனம், ஒழுங்கைக்கு ஒரு வைரவர் இருக்கிற ஊரில் அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். காசும் போகாது என்று நினைப்போம்.

ஆனால் 'தன்பாட்டில்' என்றால் நித்திரையில் போய்விடும் என்று நாங்கள் மனதில் படம் போட்டு வைத்திருக்கிறோம். அப்படிப் போகிற நாய்கள் இருக்கின்றன, குறைவு. சிறுநீரகம் கைவிட்ட நாய்க்கு வாய்க்குள் புண் வரும், மூச்சில் மூத்திர மணம் வரும், ஓயாமல் சத்தி எடுக்கும், கடைசியில் வலிப்பும் வரலாம். இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் சேர்ந்த நாய்க்குக் கரையிலேயே மூழ்குவது போல இருக்கும்.

ஜிம்மி அப்படித்தான் போனான். வெசாக் விடுமுறை, அதோடு சனி ஞாயிறும் சேர்ந்து நாலு நாள். காண்டாவன வெயில். முதல் நாள் இரவு அவன் எழும்பி நேராக உட்கார்ந்ததைப் பார்த்து நாங்கள் சந்தோசப்பட்டோம், சுகமாகி வருகிறான் என்று. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை முன்னுக்கு நீட்டி, வாயைத் திறந்தபடி இருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால்தான் அவன் உட்கார்ந்திருந்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நித்திரை தூங்கித் தலை சரியும், மூச்சு முட்டும், திடுக்கிட்டு நிமிர்வான். ஒன்றரை நாள் அப்படியே. நான் மூன்று இடத்துக்குப் போன் எடுத்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, விடுமுறை நாளில் யாருக்கு எடுப்பது என்று முதலே கேட்டு வைக்காதது எங்கள் பிழை.

மறைந்த செலவு இங்கே கைவேலைதான். எழும்ப முடியாத நாயை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவிலும், மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு படும் இடத்தில் புண் வரும். எங்கள் வெக்கையில் புண்ணில் இலையான் மொய்த்தால் அடுத்த நாளே புழு. நுளம்பு வலை கட்ட வேண்டும், எறும்பு ஏறாமல் பார்க்க வேண்டும், சாக்கை மாற்றி மாற்றித் தோய்க்க வேண்டும். விழுங்கத் தெரிகிற நாய்க்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுங்கள். வலுக்கட்டாயமாகக் கஞ்சி பருக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும். வலிக்குது போல கிடக்கு என்று வீட்டில் இருக்கிற பனடோலையோ, புருபனையோ, டைக்குளோபினக்கையோ நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். பனடோல் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், மற்ற இரண்டும் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். நாய்க்கென்று வலி மருந்து இருக்கிறது, வைத்தியர் எழுதித் தருவார்.

இந்தத் தெரிவு எப்போது நல்லது? வயது போய், நாளுக்கு நாள் நித்திரை கூடி, சாப்பாடு குறைந்து, மூச்சு அமைதியாக, தொட்டால் நோகாமல், வாலை லேசாக ஆட்டிக்கொண்டு போகிற நாய்க்கு. வீட்டில் இரவும் பகலும் ஒரு ஆள் இருக்க வேண்டும். வைத்தியர் ஒருக்கால் வந்து பார்த்து, வலிக்கு மருந்து தந்து, என்ன வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டும் போயிருக்க வேண்டும். மூச்சுக் கஷ்டம், நிற்காத வலிப்பு, வயிறு கல்லுப் போல ஊதுதல், இரத்தம் போதல், இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் விட்டு வைக்காதீர்கள்.

## தெரிவு 2: வைத்தியரை வீட்டுக்கு அழைத்து ஊசி

முடியுமென்றால் நான் சொல்வது இதைத்தான்.

என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதால்தான் பாதிப் பயம், அதனால் விபரமாகச் சொல்கிறேன். ஒழுங்காகச் செய்தால் ஊசி இரண்டு கட்டம். முதலில் தசையிலோ தோலுக்குக் கீழோ ஒரு மயக்க ஊசி. அது பிடிக்க ஐந்து பத்து நிமிடம் செல்லும், சிலவேளை கால் மணித்தியாலம். சில மருந்துக்கு ஒருக்கால் சத்தி எடுக்கலாம். பிறகு முன்னங்காலில் மயிரை மழித்து, இரத்த நரம்பில் குழாய் ஏற்றி, மயக்க மருந்தையே பெரிய அளவில் ஏற்றுவார்கள். உலகத்தில் பல இடங்களில் இதற்குப் பாவிப்பது பென்டோபார்பிட்டல். சில செக்கனில் நினைவு போய்விடும், சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும்.

இதில் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்று: பிரியாவிடை சொல்கிற நேரம் அந்த முதல் பத்து நிமிடம்தான். இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தால் அது சொல்ல வந்ததைச் சொல்ல முதல் முடிந்துவிடும். முதல் ஊசி போட்டதும் மற்ற ஆட்களை விலகச் சொல்லி, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கதையுங்கள். காதுக்கு அந்நேரம் இன்னும் கேட்கும்.

வைத்தியரிடம் போனில் முதலே மூன்று விசயம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். முதல் ஊசியில் மயக்கிவிட்டுத்தானா செய்வீர்கள்? என்ன மருந்து? நரம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பொற்றாசியம் குளோரைட்டோ மக்னீசியம் சல்பேற்றோ நினைவோடு இருக்கிற மிருகத்துக்கு ஏற்றக் கூடாது, ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தால் மட்டும்தான் என்று அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் வழிகாட்டலில் தெளிவாக இருக்கிறது. நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். நரம்பைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: நீர்ச்சத்து வற்றிய கிழட்டு நாய்க்கு நரம்பு ஒளிந்துவிடும், நாலைந்து இடத்தில் குத்தித் தேட வேண்டி வரும். மயக்கத்தில் இருந்தால் அது அதற்குத் தெரியாது.

மறைந்த செலவு: வரும் கூலி, மருந்து, போக்குவரத்து என்று மூன்றாகக் கணக்கு வரும், மருந்தின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. மூன்றையும் சேர்த்து முதலே கேட்டு, காசை உறையில் போட்டு வைத்துவிடுங்கள், அழுதுகொண்டு சில்லறை தேடுவது ஒரு கொடுமை. இன்னொன்று, அக்கம்பக்கம். 'நாயை ஊசி போட்டுக் கொல்லப் போகினமாம்' என்று ஒழுங்கை முழுக்கக் கதை போகும். எங்களுக்கும் போனது. எதிர்வீட்டு மாமி வந்து, 'வைரவற்றை வாகனம் பிள்ளை, பாவம் சுத்தும்' என்றார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, 'அவற்றை வாகனத்தை நோக நோகக் கிடத்தி வைக்கிறதும் பாவம்தானே அக்கா' என்றார். மாமி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரொமியின் தலையைத் தடவிப் போனார்.

ரொமியை அடிவளவில் மாமரத்துக்குக் கீழே அவனுடைய சாக்கிலேயே கிடத்தினோம். வைத்தியரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு வால் இரண்டு தரம் மண்ணில் தட்டியது, யார் வந்தாலும் தட்டுகிற தட்டு. வைத்தியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தி, முதலில் கையை மணக்கக் கொடுத்தார். அதற்காகவே அவரை நான் மறக்க மாட்டேன்.

இது பொருந்துவது யாருக்கு: வெளியில் போகப் பயப்படுகிற நாய், தூக்க முடியாத பெரிய நாய், தூக்கினால் நோகிற நாய், ஓட்டோவில் ஏற முடியாத வயதான அம்மா அப்பாவோடு மட்டும் இருக்கிற நாய். பொருந்தாதது அவசரத்துக்கு. வைத்தியர் நாளைக்குத்தான் வர முடியும், நாய்க்கு இன்றைக்கு மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

## தெரிவு 3: வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது

செலவு குறைவு, ஒட்சிசன், குழாய், உதவிக்கு ஆள் எல்லாம் அங்கேயே இருக்கும், நரம்பு கிடைக்காவிட்டால் வேறு வழி பார்க்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, இப்போதே முடியும். நள்ளிரவில் தொடங்கிய மூச்சுக் கஷ்டத்தோடு காலை எட்டு மணிக்கு முன்னம் படலையில் போய் நிற்பது, அடுத்த நாள் வரை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நாய்க்கு எவ்வளவோ நல்லது.

பயம்தான் இங்கே விலை. மேசை வழுக்கும், மற்ற நாய்கள் குரைக்கும், முன்னால் ஏழு பேர் வரிசையில் இருப்பார்கள். ஆனால் இதைப் பாதியாகக் குறைக்கலாம். முதல் நாளே போன் எடுத்து, ஆட்கள் குறைந்த நேரம் எது என்று கேட்டு அந்நேரம் போங்கள். அதன் சொந்தச் சாக்கையோ துவாயையோ கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். எல்லாவற்றையும்விட, வைத்தியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: முதல் மயக்க ஊசியை ஓட்டோவுக்குள்ளேயே வந்து போட முடியுமா? கொக்குவில்காரர் அப்படித்தான் செய்தார். நாய் கடைசிவரை அவருடைய மகளின் மடியில், ஓட்டோவின் பின் சீற்றில், பழகின மணத்துக்குள். உள்ளே தூக்கிக்கொண்டு போனது நினைவு போன பிறகுதான்.

ஓட்டோக்காரரிடம் விசயத்தை முதலே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது உடம்போடு வர வேண்டும், சிலர் அந்நேரம் மறுப்பார்கள், அது நடு ரோட்டில் தெரிய வரக் கூடாது. அடியில் விரிக்கத் தறப்பாள் ஒன்று கொண்டுபோங்கள்.

தீவுப் பகுதி ஆட்களுக்கு இது வேறு கணக்கு. வேலணை என்றால் பண்ணைப் பாலத்தால் வந்துவிடலாம். நெடுந்தீவு என்றால் குறிகாட்டுவானுக்குப் படகே ஒரு மணித்தியாலம், அதோடு காற்று எழும்பினால் படகும் இல்லை. இப்படியான இடத்தில் இருப்பவர்கள், நாய்க்கு நல்ல நாள் இருக்கும்போதே ஒருக்கால் வைத்தியரிடம் காட்டி, வலி மருந்தையும் மயக்க மாத்திரையையும் எழுதி வாங்கி வீட்டில் வைத்திருப்பதுதான் புத்தி.

## தெரிவு 4: இன்னொருக்கால் பார்ப்போம் என்று தூர இடத்துக்கு

நாட்டில் மிருக வைத்தியபீடம் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் மட்டும்தான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். சாகக் கிடக்கும் நாயை ஹயஸ் வானில் போட்டு அந்தத் தூரம் கொண்டுபோய், வழியில் அல்லது அங்கே கூட்டுக்குள் தனியாகச் சாகவிட்டவர்களை நான் அறிவேன். அவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை, அன்பு கூடித்தான் போனார்கள். வைத்தியர் 'போனால் குணமாகும் வாய்ப்பு இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போங்கள். 'போய்ப் பார்க்கலாம்' என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அதேநேரம், உண்மையிலேயே சாகக் கிடக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் ஊசிக்கும் போகாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முரசு வெளிறி, எழும்ப முடியாமல், செத்தது போலக் கிடக்கும். இரத்தம் சோதித்து மருந்து கொடுத்தால் எத்தனையோ நாய் எழும்பி ஓடியிருக்கிறது. தெருநாய்களோடு பழகுகிற நாய்க்கு மறைவிடத்தில் பூக்கோவா போல வருகிற கட்டியைக் குணமாகாத புற்றுநோய் என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குக் கிழமைக்கு ஒருக்கால் வின்கிறிஸ்ரின் ஊசி, சில கிழமையில் பெரும்பாலும் முழுக்க மாறிவிடும். இதற்கு இங்கே உள்ள வைத்தியரே போதும்.

## இந்த ஒப்பீடு பொருந்தாத ஒரு நிலை

நாய் திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் இருந்தால் அது விசர் நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். எலும்பு சிக்கியிருக்கு என்று வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. தொடாதீர்கள், மடியில் வைக்காதீர்கள், ஒரு அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டு மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். இறந்தால் உடனே புதைத்தும் விடாதீர்கள், தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டி வரும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டவர்கள் அந்த இடத்தை சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரியாவிடை யன்னலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல முடியும். கொடுமைதான், ஆனால் வேறு வழி இல்லை.

## யார் பக்கத்தில் இருப்பது

எந்தத் தெரிவாக இருந்தாலும், அதற்குத் தெரிந்த ஒரு கை அதன் மேல் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'என்னால பாக்கேலாது, நீங்கள் கொண்டுபோங்கோ' என்று ஓட்டோக்காரரிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மேசையில் நாய் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்று வைத்தியர் ஒருவர் எனக்குச் சொன்னார்.

அம்மா ரொமியை விட்டு ஒரு நிமிடமும் நகரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமம் பகுதியே எழும்பி நடந்தபோது அவர்களுடைய நாய் நாவற்குழிப் பாலம் வரை கூட வந்ததாம். சனத்துக்குள் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மா, பாலத்தில் திரும்பிப் பார்க்க அதைக் காணவில்லை. எங்கே, எப்படிச் செத்தது என்று இன்று வரை தெரியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் பார்த்து வைத்தியரிடம் கேளுங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை. இங்கே பின்னேரம் 4.30 என்றால் ரொறன்ரோவில் காலை 7.00, லண்டனில் பகல் 12.00. வாட்சப்பில் வீடியோவைவிடக் குரல் நல்லது. போன் திரையை நாய் பார்க்காது, குரலைக் கேட்கும். என் தம்பி வெளிநாட்டிலிருந்து 'டேய் ரொமிப் பயலே' என்று கூப்பிட, போனைக் காதடியில் வைத்திருந்தோம். பிறகு போனை எடுத்துவிட்டோம், மிச்சத்தை அவன் பார்க்கத் தேவையில்லை.

பிள்ளைகள் இருக்க விரும்பினால் இருக்கட்டும், ஆனால் முதலே சொல்லி வையுங்கள்: கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். மூத்திரம் போகலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெரிய மூச்சு எடுப்பது போல உடம்பு இழுக்கும், தசை துடிக்கும், அந்நேரம் நாய்க்கு ஒன்றும் தெரியாது. சொல்லாமல் விட்டால் உயிர் இருக்க இருக்கப் புதைத்துவிட்டீர்கள் என்று பிள்ளை வருசக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கும். 'நித்திரையாக்கிறது' என்றும் சொல்லாதீர்கள், பிள்ளை இரவில் படுக்கப் பயப்படும். செத்துப் போகும் என்றே சொல்லுங்கள்.

## மண்

கிடங்கை முதல் நாளே தோண்டுங்கள். கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் என்றால் மண்வெட்டி இறங்கும். பல இடத்தில் இரண்டடியில் சுண்ணாம்புக்கல் வந்துவிடும், அலவாங்கு போட்டாலும் அசையாது. எங்கள் வளவிலும் முதல் கிடங்கு கல்லில் முட்டி, நாலு முழம் தள்ளி மறுபடி தோண்ட வேண்டி வந்தது. அதை நாயின் உடம்பை வைத்துக்கொண்டு வெயிலில் செய்ய முடியாது; சில மணித்தியாலத்தில் விறைத்துவிடும், அதனால் கால்களை நேரத்தோடு மடித்து வைக்க வேண்டும். மாரி காலத்தில் கிடங்கில் தண்ணீர் ஊறும், மேடான மூலை பாருங்கள்.

உடம்புக்கு மேல் மூன்றடி மண் இருக்க வேண்டும். ஊசி போட்ட உடம்பில் மருந்து அப்படியே இருக்கும், தெருநாயோ காகமோ கிளறித் தின்றால் அதுவும் சாகும். பருத்திச் சேலையிலோ சாக்கிலோ சுற்றுங்கள், பொலித்தீன் வேண்டாம். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. குடாநாட்டில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் இந்தக் கல்லுக்குள்ளால் ஊறுகிறதுதான். இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலசலகூடம் எல்லாம் போக இடமே மிஞ்சாது. அப்படியானவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், சொந்தக்காரரின் தோட்டக் காணியை முதலே கேட்டு வையுங்கள். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் புதைத்தால் பிறகு சண்டை.

நாங்கள் ரொமிக்கு மேலே பழைய துணி தோய்க்கிற கல்லைப் புரட்டி வைத்தோம், தெருநாய் கிளறாமல். முதல் மழைக்கு மண் இறங்கி, கல் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எல்லாக் கிடங்கும் அப்படி இறங்கும். கல்லைத் தூக்கிவிட்டு இன்னும் இரண்டு வாளி மண் கொண்டுபோய்ப் போட வேண்டும்.